உருகி உறைந்த விண்கற்கள்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2020 மே மாதம், அல்ஜீரியாவின் தென்மேற்கில் எர்க் ஷெஷ் என்னும் மணற்கடலில் சில பாறைத் துண்டுகள் கிடைத்தன. இடையிடையே பச்சைப் படிகங்கள் பதிந்த அந்தத் துண்டுகள் மொத்தம் ஏறக்குறைய 32 கிலோ. ஆய்வகத்தில் வயதைக் கணித்தபோது 456.5 கோடி ஆண்டுகள் என்று வந்தது. சூரியக் குடும்பத்தில் முதன்முதலாக உறைந்த திடத் துணுக்குகளின் வயது 456.7 கோடி. இடைவெளி இருபது லட்சத்துச் சொச்சம் ஆண்டுகள்தான். பூமி அப்போது முழுதாக உருவாகியிருக்கவில்லை. அதற்குள் எங்கோ ஒரு சிறிய கோள் உருகி, அதன் குழம்பு மேலே வந்து உறைந்து பாறையாகிவிட்டது. எர்க் ஷெஷ் 002 என்று பெயர் பெற்ற அந்தக் கல்தான் இன்று நம் கையில் இருக்கும் மிகப் பழைய எரிமலைப் பாறை.

இத்தகைய கற்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, மேலும் படிக்கவோ, ஒரு சிறு துண்டையாவது வாங்கி வைத்துக்கொள்ளவோ ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கற்களின் மதிப்பு இரண்டு பதிவுகளில் இருக்கிறது. ஒன்று, கல்லுக்குள் இயற்கை விட்டுச்சென்ற பதிவு. மற்றொன்று, கல்லைப் பற்றி மனிதர்கள் எழுதிவைத்த பதிவு. எந்த ஊரில் எப்போது கிடைத்தது, யார் ஆராய்ந்தார்கள், என்ன வகை என்ற விவரங்கள் அதில் அடங்கும். இரண்டில் ஒன்று அழிந்தாலும் அறிவியலுக்கும் நட்டம், சேகரிப்பவருக்கும் நட்டம். கீழே வரும் படிகள் எல்லாம் இவ்விரண்டையும் காப்பாற்றுவதற்கான வழிகளே.

படி 1: உருகாத கல்லை முதலில் பாருங்கள்

விழுவதைக் கண்ணால் பார்த்து எடுக்கப்பட்ட விண்கற்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் கோன்ட்ரைட் வகையைச் சேர்ந்தவை. வெட்டிப் பார்த்தால் மில்லிமீட்டர் அளவில் சின்னச்சின்ன உருண்டைகள் தெரியும். அவற்றுக்குக் கோன்ட்ரூல் என்று பெயர். அவற்றுக்கிடையே இரும்பு-நிக்கல் துகள்கள் பளபளக்கும். உருண்டைகள் இன்னும் கலையாமல் இருப்பதிலிருந்தே அந்தக் கல் பெயர்ந்து வந்த தாய்க்கோள் முழுதாக உருகவில்லை என்று தெரிந்துவிடுகிறது.

உருகிய கோளின் கதை வேறு. கொல்லன் உலையில் கனமான இரும்பு அடியில் தங்க, லேசான கசடு மேலே மிதப்பதைப் போல, உருகிய சிறுகோளிலும் இரும்பு நடுவில் இறங்கிக் கருவானது. மேலே மிதந்த குழம்பு உறைந்து புறஓடானது. அந்த ஓட்டிலிருந்தும் அதன் அடிப்பகுதியிலிருந்தும் பெயர்ந்து வந்த கற்களைத்தான் அகோன்ட்ரைட் என்கிறோம். அவற்றில் கோன்ட்ரூல் இருக்காது, இரும்பும் மிகக் குறைவு. விழக்கண்ட கற்களில் இவை நூற்றுக்குப் பத்தைக்கூட எட்டவில்லை.

ஒரு சாதாரண கோன்ட்ரைட் வில்லையை, அதாவது தட்டையாக அறுத்த துண்டை, முதலில் வாங்கி, ஒரு கைலென்ஸில் நாள்கணக்கில் பார்த்துப் பழகுங்கள் என்பதே என் அறிவுரை. விலை குறைவு, கிடைப்பதும் எளிது. உருகாத கல் கண்ணுக்குப் பழகிய பிறகுதான் உருகிய கல்லில் என்ன மாறியிருக்கிறது என்பது தானாகப் பிடிபடும்.

படி 2: எது பழையது, எது பழையதல்ல என்று பிரித்தறியுங்கள்

தீப்பாறை (குழம்பு உறைந்து உருவான பாறை) விண்கல் என்றாலே பழையது என்று நினைக்க வேண்டாம். 1865இல் பிஹாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல் உலகப் புகழ் பெற்றது. செவ்வாயிலிருந்து வந்த ஒரு பெரிய வகைக்கே அந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதுவும் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைதான். ஆனால் நாம் இங்கே பேசும் கற்களோடு ஒப்பிட்டால் மிக இளையது. செவ்வாயில் எரிமலைகள் வெகுகாலம் இயங்கின. சிறுகோள்களோ தொடக்கத்திலேயே உருகி விரைவில் ஆறிவிட்டன. எனவே மிகப் பழைய தீப்பாறைகளைச் சிறுகோள்களில் இருந்து வந்த குடும்பங்களில்தான் தேட வேண்டும்.

அந்தக் குடும்பங்களில் புதியவருக்கு ஏற்றது யூக்ரைட்-டயோஜெனைட்-ஹோவர்டைட் கூட்டம். இவை வெஸ்டா என்னும் சிறுகோளிலிருந்து வந்தவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. வெஸ்டாவின் விட்டம் சுமார் 525 கிலோமீட்டர். 2011 முதல் 2012 வரை நாசாவின் டான் விண்கலம் அதைச் சுற்றிவந்து, மேற்பரப்பின் கனிமங்கள் இந்தக் கற்களோடு ஒத்துப்போவதை உறுதி செய்தது. யூக்ரைட் என்பது வெஸ்டாவின் பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை: வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் குச்சிகளும் பழுப்புப் பைராக்சீனும் ஆகிய இரு கனிமங்கள் பின்னிக் கிடக்கும். டயோஜெனைட் அதற்கும் கீழே ஆழத்தில் மெல்ல உறைந்தது, ஏறக்குறைய முழுவதும் பைராக்சீன். இரண்டும் மோதலில் நொறுங்கிக் கலந்து மீண்டும் இறுகினால் அது ஹோவர்டைட். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோளின் மேலிருந்து கீழ்வரை கண்முன் இருக்கும். எனக்கு இந்தக் குடும்பத்தின் மேல் இருக்கும் பிரியத்துக்கு அதுவே காரணம்.

ஆங்க்ரைட் அடுத்தது, அரியது. 1869இல் பிரேசிலின் ஆங்க்ரா தோஸ் ரெய்ஸ் அருகே கடலில் விழுந்து, மூழ்கி எடுக்கப்பட்ட ஒரு சிறிய கல்தான் வகைக்குப் பெயர் தந்தது. அர்ஜென்டினாவில் 1979இல் வயலில் ஒரு விவசாயிக்குக் கிடைத்த தோர்பிக்னி கல் 16.5 கிலோ. அது விண்கல் என்பதே பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 456.3 கோடி ஆண்டு வயதுடைய அந்தக் கல் விண்வெளியில் உருவான பிறகு அதிகம் சூடாகவோ நொறுங்கவோ இல்லை. அதனாலேயே மற்ற கற்களின் வயதை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நங்கூரமாக அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆப்ரைட் வெளிர்நிறக் கல், இரும்பு ஏறாத பைராக்சீன் நிறைந்தது. இதில் இந்தியாவுக்கு நல்ல பங்கு உண்டு. 1852இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி பகுதியில் ஒன்று விழுந்தது. அதில் கண்டறிந்த கால்சியம் சல்ஃபைடு கனிமத்துக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த தாமஸ் ஓல்டாமின் பெயரால் ஓல்டமைட் என்று பெயரிட்டார்கள். 170 ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் தியோதர் பகுதியில் இன்னொரு ஆப்ரைட் விழுந்தது.

எந்தக் குடும்பத்திலும் சேராதவையும் உண்டு. எர்க் ஷெஷ் 002 அப்படிப்பட்டது. மவுரித்தேனியாவில் 2016இல் கிடைத்த என்.டபிள்யூ.ஏ. 11119 இன்னொன்று (இந்த எழுத்துகளின் பொருள் படி 5இல் வரும்). இவை பசால்ட் அல்ல, சிலிக்கா மிகுந்தவை. பூமியில் ஆண்டிசைட் என்னும் எரிமலைப் பாறையை நினைவூட்டும் சேர்மானம் எர்க் ஷெஷ்ஷுக்கு. இதே நிறமாலை கொண்ட சிறுகோள் எதுவும் இன்றைய வானத்தில் தென்படவில்லை. இத்தகைய ஓடு கொண்ட கோள்கள் பெரிய கோள்களோடு மோதி இணைந்தோ நொறுங்கியோ போயிருக்க வேண்டும். மறைந்துபோன கோள் ஒன்றின் ஓட்டில் நமக்கு மிஞ்சியது இந்த 32 கிலோ மட்டுமே.

படி 3: அறிவியலார் இதில் என்ன தேடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேரே விலைப்பட்டியலுக்குப் போகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பூமியில் கிடைத்த மிகப் பழைய கனிமத் துகள் ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான். அதன் வயது சுமார் 440 கோடி. அதுவும் மணலளவு துகள்தான், பாறை அல்ல. அதற்கு முந்தைய காலத்தின் பாறைகளைப் பூமி தனக்குள் இழுத்து உருக்கிவிட்டது. ஆகவே கோள்கள் எப்படி உருவாயின என்பதற்கு நேரடிச் சாட்சி வேண்டுமானால் சிறுகோள்களின் பாறைகளைத்தான் நாட வேண்டும்.

முதல் கேள்வி, அவ்வளவு சிறிய கோள்கள் எதனால் உருகின? கதிரியக்க அலுமினியம்-26 என்பதே பதில். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகள். சிதையும்போது வெப்பத்தை வெளிவிட்டு மக்னீசியம்-26 ஆக மாறும். முதல் சில லட்சம் ஆண்டுகளில் திரண்ட கோளுக்குள் இந்த வெப்பம் தேங்கி, பாறையையே உருக்கியது. அலுமினியம்-26 எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் மக்னீசியம்-26 சற்று மிகுந்திருக்கும். 1996 ஜூன் 20 அன்று ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் விழுந்த பிப்லியா கலான் என்னும் யூக்ரைட்டில் அந்த மிகுதியை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜி. ஸ்ரீநிவாசன், ஜே. என். கோஸ்வாமி, என். பண்டாரி மூவரும் அளந்து 1999இல் வெளியிட்டார்கள். உருகிப் பிரிந்த கோளின் கல் ஒன்றில் அந்தத் தடயம் கிடைத்தது அதுவே முதல் தடவை. நம் நாட்டில் விழுந்த கல்லை நம் நாட்டு ஆய்வகத்தில் ஆராய்ந்து கண்ட முடிவு என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

எர்க் ஷெஷ் 002 இந்தக் கதையில் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. அதன் வயதை ஈய முறையிலும் (யுரேனியம் சிதைந்து சேர்ந்த ஈயத்தை அளப்பது) மேலே சொன்ன அலுமினிய முறையிலும் கணித்து, ஆங்க்ரைட்களோடு ஒப்பிட்டார்கள். எர்க் ஷெஷ்ஷின் தாய்ப்பொருளில் அலுமினியம்-26 மூன்று நான்கு மடங்கு கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த அலுமினியம்-26 சூரியக் குடும்பம் முழுவதும் சீராகப் பரவியிருந்தது என்று எடுத்துக்கொண்டு கணித்த வயதுகளை எல்லாம் இனி எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வழிசெய்தது ஒரே ஒரு கல்.

இன்னொரு பதிவு காந்தம். குழம்பு ஆறும்போது சுற்றியிருக்கும் காந்தப்புலத்தை நுண்ணிய இரும்புக் கனிமங்கள் பிடித்துவைத்துக்கொள்ளும். சில ஆங்க்ரைட்களில் அப்படி எதுவுமே பதிவாகவில்லை என்று 2017இல் கண்டார்கள். சூரியனைச் சூழ்ந்திருந்த வாயு வட்டும் அதன் காந்தப்புலமும் முதல் 40 லட்சம் ஆண்டுகளுக்குள் கலைந்துவிட்டன என்ற முடிவு அதிலிருந்துதான் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 4: காந்தத்தை உள்ளே வையுங்கள்

விண்கல்லா என்று பார்க்கக் காந்தத்தை ஒட்டிப் பார் என்பது எங்கும் சொல்லப்படும் அறிவுரை. இந்த வகைக் கற்களில் அது இரண்டு விதத்தில் தவறு. அகோன்ட்ரைட்களில் இரும்பு உலோகம் குறைவாதலால் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ஒட்டவில்லை என்று தூக்கி எறிந்தால் எறிந்தது யூக்ரைட்டாக இருக்கலாம். அதைவிடப் பெரிய தீங்கு, வலுவான காந்தம் பட்டவுடன் 456 கோடி ஆண்டுகள் பத்திரமாக இருந்த காந்தப் பதிவு அழிந்துபோகிறது. கருப்பழகி என்று செல்லமாக அழைக்கப்படும் செவ்வாய்க் கல் என்.டபிள்யூ.ஏ. 7034க்கு நேர்ந்தது இதுதான். பொறுக்கியவர்களும் விற்றவர்களும் வைத்துப் பார்த்த கைக்காந்தங்கள் அதன் பழைய பதிவைத் துடைத்துவிட்டன. சந்தேகம் இருந்தால் காந்த ஏற்புத்திறன் அளக்கும் சிறு கருவிகள் உண்டு. அவை வலுவற்ற புலத்தில் வேலை செய்வதால் கல்லுக்குத் தீங்கில்லை.

வேறு பொது விதிகளும் இங்கே தடுமாறும். நிக்கல் இருந்தால்தான் விண்கல் என்பார்கள். அகோன்ட்ரைட்டில் அது அற்பமாகவே இருக்கும். குமிழித் துளைகள் இருந்தால் விண்கல் அல்ல என்பது பெரும்பாலும் சரி. ஆனால் தோர்பிக்னியில் குமிழிகள் உண்டு. சிலிக்கா கனிமம் நிறைய இருந்தால் பூமிக்கல் என்பார்கள், என்.டபிள்யூ.ஏ. 11119இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிரிடிமைட் என்ற சிலிக்கா வடிவம்தான்.

கண்ணுக்கு உதவும் அடையாளம் உருகு மேலோடு. காற்றில் எரிந்து வரும்போது கல்லின் மேல்தோல் உருகி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓடாக உறையும். கோன்ட்ரைட்டில் அது மங்கலான கறுப்பு. யூக்ரைட்டில் கண்ணாடியாக மின்னும், சில இடங்களில் குழம்பு வழிந்த கோடுகளும் தெரியும். 1960இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்த மில்பில்லிலியின் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஓடு தேய்ந்துபோன கல்லைக் கண்ணால் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. சாலையோரக் கருங்கல் ஜல்லிக்கும் யூக்ரைட்டுக்கும் தோற்றத்தில் அவ்வளவு நெருக்கம். ஆய்வகத்தில் ஆக்சிஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள்) விகிதத்தையும், பைராக்சீனில் இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதத்தையும் பார்த்துத்தான் தாய்க்கோளைச் சொல்வார்கள். யூக்ரைட்டில் இந்த இரண்டாவது விகிதம் 30ஐ ஒட்டி இருக்கும். நிலவுக் கற்களில் அது இரு மடங்குக்கும் மேல்.

படி 5: பெயரைச் சரிபாருங்கள்

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை இதுதான், செலவும் இல்லை. விண்கற்களுக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் வைப்பது மீட்டியரிட்டிக்கல் சொசைட்டி என்னும் சர்வதேசச் சங்கத்தின் பெயரிடல் குழு. அவர்கள் அங்கீகரித்த கற்கள் அனைத்தும் மீட்டியரிட்டிக்கல் புல்லட்டின் என்ற இணையத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. விற்பவர் சொல்லும் பெயரை அங்கே தேடி, வகை, மொத்த எடை, கிடைத்த இடம், மாதிரித் துண்டு எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் பாருங்கள். பெயர் பெற வேண்டுமானால் 20 கிராம் அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அதை ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி.

என்.டபிள்யூ.ஏ. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருந்தால், வடமேற்கு ஆப்பிரிக்காவில் வாங்கப்பட்டது, சரியான இடம் பெரும்பாலும் தெரியாது என்று பொருள். இடம் தெரிந்த கல்லுக்கும் விழக்கண்ட கல்லுக்கும் அதனாலேயே மதிப்பு கூடுகிறது. ‘இது எர்க் ஷெஷ்ஷின் ஜோடிக் கல்’ (ஒரே விழுதலில் வந்த இன்னொரு துண்டு) என்று எந்த எண்ணும் இல்லாமல் ஒருவர் விற்றால், யார் ஆராய்ந்து ஜோடி என்று சொன்னார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படி 6: வாங்கும்போது

சர்வதேச விண்கல் சேகரிப்பாளர் சங்கமான ஐ.எம்.சி.ஏ.வின் உறுப்பினர்களுக்கு உறுப்பினர் எண் உண்டு. நம்பகத்தன்மைக்கு அது ஒரு தொடக்கம். அமெரிக்காவின் டூசானில் ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் கனிமக் கண்காட்சியும், பிரான்சின் என்சிஷைமில் ஜூன் மாதம் நடக்கும் விண்கல் கண்காட்சியும் பெரிய சந்தைகள். நம்மில் பெரும்பாலோருக்கு இணையம்தான் வழி.

விலையைத் தீர்மானிப்பவை வகை, உலகில் உள்ள மொத்த எடை, விழக்கண்டதா கண்டெடுத்ததா, எவ்வளவு சிதைந்திருக்கிறது, ஓடு இருக்கிறதா, பழைய அருங்காட்சியகச் சீட்டு கூடவே வருகிறதா என்பவை. சகாரா யூக்ரைட் வில்லைகள் மலிவானவை. 1808இல் விழுந்த ஸ்டானெர்ன், 1821இல் விழுந்த ஜுவினா போன்ற வரலாற்றுக் கற்கள் அதே வகையாக இருந்தும் பல மடங்கு விலை. ஆங்க்ரைட்டும் எர்க் ஷெஷ்ஷும் அதற்கும் மேலே. முதல் வாங்கலுக்கு ஒரு யூக்ரைட் வில்லையும், 1931இல் துனிசியாவில் விழுந்த தத்தாவின் டயோஜெனைட்டின் ஒரு சிறு துண்டும் போதும் என்பேன். பச்சை கலந்த பெரிய படிகங்களை அதில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். கையில் முனைவாக்க நுண்ணோக்கி (முனைவுற்ற ஒளியில் கனிமங்களைப் பார்க்கும் கருவி) இருந்தால், 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த மென்சீவல் ஒன்றை வாங்குங்கள். அந்த நிறங்களைப் பார்த்தவர்கள் இந்தத் துறையை விட்டுப் போவதில்லை.

சட்டத்தை மறக்க வேண்டாம். அல்ஜீரியாவிலும் அர்ஜென்டினாவிலும் விண்கற்கள் பாரம்பரியச் சொத்தாகப் பாதுகாக்கப்படுகின்றன. வெளியே கொண்டுபோகத் தடைகள் உண்டு. கல் எந்த நாட்டிலிருந்து எந்த ஆவணத்தோடு வந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம்மூருக்கென்று ஓர் எச்சரிக்கை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோடிக்கணக்கில் விலைபோகும் என்று சொல்லிக் கலசங்களையும் கற்களையும் காட்டும் கும்பல்கள் தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் சேமிப்பைச் சூறையாடியிருக்கின்றன. எந்த விண்கல்லும் அரிசியை இழுக்காது. அப்படி யாராவது வந்தால் பேச்சை நிறுத்திக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

படி 7: பாதுகாப்பு

இரும்பு குறைவு என்பதால் அகோன்ட்ரைட்கள் மற்றவற்றைப்போல எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆனாலும் சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டி அவசியம். வெறுங்கையால் எடுக்க வேண்டாம், வியர்வையில் உப்பு இருக்கிறது. ஆப்ரைட்டைத் தண்ணீருக்குக் காட்டவே கூடாது. ஓல்டமைட் ஈரம் பட்டால் சிதைந்துவிடும், கல்லும் உதிரக்கூடியது. ஒலிபெருக்கி, காந்த மூடி போட்ட அட்டைப்பெட்டி ஆகியவற்றின் அருகில் எதையும் வைக்காதீர்கள்.

கல்லுக்கு ஒரு சீட்டு எழுதுங்கள்: பெயர், வகை, எடை, யாரிடம் எப்போது வாங்கியது. பழைய சீட்டு இருந்தால் அதையும் எறியாமல் சேர்த்து வையுங்கள். வில்லையை இரண்டாக வெட்டினால் இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு.

படி 8: உங்கள் ஊரிலேயே விழுந்தால்

இந்தியாவில் விழும் விண்கற்களுக்கு அதிகாரபூர்வக் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. கல் விழுந்ததைப் பார்த்தால், அல்லது புதிதாக விழுந்தது கிடைத்தால், எடுக்கும் முன் அது கிடக்கும் நிலையிலேயே பக்கத்தில் ஓர் அளவுகோலோ நாணயமோ வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பையும் நேரத்தையும் பதியுங்கள். சத்தம் கேட்டதா, எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்த்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, புதிய பிளாஸ்டிக் பையில் போடுங்கள். கழுவ வேண்டாம், உடைக்க வேண்டாம், மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டாம், காந்தம் வைக்கவே வேண்டாம். பிறகு வட்டாட்சியர் அலுவலகம் வழியாகவோ நேரடியாகவோ புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். மழைக்கு முன் எடுத்த கல்லுக்கும் மழையில் நனைந்த கல்லுக்கும் ஆய்வகத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஆகவே விழுந்த அன்றே தகவல் போவது நல்லது.